பகா எண் இடைவெளிகள்: ஆறு நிரல் தாளில் கையால் எண்ணுவது எப்படி?

அடுத்தடுத்த பகா எண்களுக்கு நடுவே எந்த இடைவெளி எத்தனை தடவை வருகிறது என்று எண்ணுவது, பைத்தான் என்ற கணினி மொழியில் நாலு வரியில் முடிகிற வேலைதான். ஆனாலும் முதல் தடவை கையால் போடுங்கள். திரையில் ஓடும் எண்பட்டியலில் இடைவெளிகளின் ஒழுங்கு கண்ணில் படாது. கட்டம் போட்ட கணக்கு நோட்டும் பென்சிலும் போதும்.

1. 1 முதல் 1000 வரை வரிசைக்கு ஆறு எண்ணாக எழுதுங்கள். வழக்கமான பத்து நிரல் (மேலிருந்து கீழ் வரிசை) கட்டம் இதற்கு உதவாது. ஆறில் எழுதினால் 2, 3 தவிர எல்லாப் பகா எண்ணும் முதல் நிரலிலும் ஐந்தாவதிலும்தான் விழும். 2, 3 இரண்டையும் விட்டுவிட்டு, மற்ற நான்கு நிரல்களை நேர்கோடு போட்டு அடித்துவிடலாம். 1-ஐயும் அடியுங்கள்.

2. 5-இன் மடங்குகளை 25-இலிருந்து, 7-இன் மடங்குகளை 49-இலிருந்து அடியுங்கள். முன்னது இடப்பக்கம் சரியும், பின்னது வலப்பக்கம். இப்படியே 31 வரை.

3. அடுத்தடுத்த பகா எண்களைக் கழித்து எழுதுங்கள். சறுக்கல் இங்கேதான். 23-க்கும் 29-க்கும் இடைவெளி 6. நடுவில் ஐந்து எண் இருக்கிறதே என்று 5 போடக்கூடாது. எல்லா இடைவெளியையும் கூட்டினால் 995 வரவேண்டும் (997-இல் 2 போக). ஆனால் இந்தக் கூட்டல், கழித்தலில் வரும் பிழையை மட்டுமே பிடிக்கும். 91-ஐ அடிக்காமல் விட்டிருந்தாலும் 995-தான் வரும்! அதனால் பகா எண்கள் 168 இருக்கின்றனவா என்று தனியாக எண்ணிவிடுங்கள்.

4. இப்போது எது எத்தனை தடவை என்று பாருங்கள். 2 வருவது 35, 4 வருவது 40, 6 வருவது 44. 8-க்கு 15-தான். முதல் நிரலிலிருந்து 2 தாண்டினாலோ, ஐந்தாவதிலிருந்து 4 தாண்டினாலோ மூன்றால் வகுபடும் நிரலில் போய் விழுவோம். 6-க்கு அந்தத் தடை இல்லை, எந்த நிரலிலிருந்தும் நேர் கீழே இறங்கலாம்.

எனக்குப் பிடித்தது இதற்கு அடுத்தது. 5 முதல் உள்ள 165 இடைவெளிகளில் அதே நிரலில் நின்றவை (6, 12, 18) 52 மட்டுமே. 113 தடவை நிரல் மாறியிருக்கிறது. நிரல் மாறும் பக்கமான இந்தச் சாய்வு பெரிய எண்களிலும் மெதுவாகத்தான் குறைகிறது என்று 2016-இல் கணித ஆய்வாளர்கள் லெம்கே ஆலிவரும், சென்னையில் பள்ளி முடித்த கண்ணன் சௌந்தரராஜனும் எழுதினார்கள்.

பின்சேர்க்கை: "எனக்கு 2-தானே அதிகத் தடவை வருகிறது?" என்று ஒருவர் கேட்டிருந்தார். 100-உடன் நிறுத்தியிருக்கிறார். அங்கே 2 எட்டுத் தடவை, 4-உம் 6-உம் ஏழேழு. 1000 வரை போங்கள். "16 இடைவெளியே இல்லையே?" என்றவருக்கு: 14, 18, 20 எல்லாம் வந்தும் 1000-க்குள் அது கிடையாது. 1831-க்கும் 1847-க்கும் நடுவில்தான் முதலில் வரும்.