தலை முறிந்த சைலன்சர் ஸ்டட்டை எடுக்க

பழைய பைக்கில் சைலன்சர் ஸ்டட் (சைலன்சரை இன்ஜினோடு பிணைக்கும் மரை போட்ட கம்பி) முறிந்து ஹெட்டிலேயே, அதாவது இன்ஜினின் அலுமினிய மேல்பகுதியிலேயே தங்கிவிட்டால், உடனே டிரில் போடாதீர்கள். முறிந்த முனைமேல் ஒரு நட்டை வைத்து, நட்டின் ஓட்டை வழியாக ஸ்டட்டோடு சேர்த்து வெல்டிங் வைக்கச் சொல்லுங்கள். 6 மி.மீ. ஸ்டட்டுக்கு 8 மி.மீ. நட் வைத்தால் வெல்டிங் ராடு உள்ளே நன்றாக இறங்கும். சிவப்பு அடங்கியதும் ஓரத்தில் மெழுகுவர்த்தியைத் தொட்டால், மெழுகு உருகி மரைக்குள் இறங்குவது கண்ணுக்கே தெரியும். பிறகு ஸ்பானர் போட்டு முன்னும் பின்னும் கால் சுற்று அசைத்து அசைத்துக் கழற்றுங்கள். ஒரே திசையில் முறுக்கினால் மறுபடி முறியும்.

சூட்டில் விரிய முயலும் ஸ்டட்டைச் சுற்றியுள்ள அலுமினியம் நெருக்குகிறது. ஆறிச் சுருங்கும்போது துருவின் பிடி விட்டுப்போகிறது. இரும்பு வெல்டிங் அலுமினியத்தில் ஒட்டாது என்பதால் ஹெட்டின் மரைக்கும் பயமில்லை. ஸ்பானருக்குப் புதுப் பிடியும் கிடைத்துவிடுகிறது.

வார்ப்பிரும்பு ஹெட்டில் இதைச் செய்யும்போது மிகக் கவனம் வேண்டும். வெல்டிங் பக்கத்து இரும்பிலும் பிடித்துக்கொள்ளலாம். ஸ்டட் மிக ஆழத்தில் முறிந்திருந்தாலும் லேத் பட்டறைதான் வழி. ஈஸி அவுட்டை (முறிந்த ஸ்டட்டில் துளை போட்டு, உள்ளே திருகி வெளியே எடுக்கும் கருவி) அவசரப்பட்டுத் திருகாதீர்கள். அது உள்ளே உடைந்தால் சாதாரண டிரில் பிட் அதில் இறங்கவே இறங்காது, செலவு பல மடங்காகிவிடும்.

வெல்டிங்குக்கு முன் பெட்ரோல் டேங்கையும் கார்பரேட்டரையும் கழற்றி வைத்து, பேட்டரி ஒயரையும் கழற்றிவிடுங்கள். இதில் மட்டும் சோம்பல் வேண்டாம்.