கருப்பட்டி லேபிளில் ஒளிரும் மை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாயல்குடிப் பக்கம் பனங்கருப்பட்டி காய்ச்சுபவர்களுக்குத் தீராத வயிற்றெரிச்சல் ஒன்று உண்டு. சீனி கலந்த சரக்கை யாரோ இவர்கள் பெயரைப் போட்டு விற்றுவிடுகிறார்கள். அதனால் என் மாமா, புறஊதா விளக்கில் மட்டும் தெரியும் மையில் லேபிளுக்கு ஒரு குறி போடச் சொன்னார். முதல் முறை அச்சடித்தது அத்தனையும் வீண்.

காரணம் தாள். பளிச்சென்ற வெள்ளைத் தாளை எடுத்திருந்தோம். அந்தப் பளிச்சுக்காகத் தாளில் கலப்பது, சலவைத்தூளில் சேர்க்கும் அதே வகை ஒளிரும் பொருள்தான். விளக்கைக் காட்டியதும் தாள் முழுக்க நீலமாக ஒளிர்ந்தது, குறி அதற்குள் காணாமல் போனது. ரூபாய் நோட்டைப் பாருங்கள்: தாள் மங்கலாகவே இருக்கும், எண்களும் தாளில் பொதிந்த நுண்ணிழைகளும் மட்டும் ஒளிரும். (சட்டைப்பையில் கிடந்து சலவைத்தூளில் ஊறிய நல்ல நோட்டும் நீலமாக ஒளிரக்கூடும். உடனே கள்ளநோட்டு என்று சொல்லி யாரையும் நோகடிக்காதீர்கள்.) அச்சடிக்கும் முன்பே வெறும் தாளை விளக்கில் பார்த்துவிடுங்கள்.

குறி மங்கலாக இருக்கிறதே என்று சாயத்தை அள்ளிப் போடவும் கூடாது. ஓர் அளவுக்கு மேல் மூலக்கூறுகள் நெருக்கியடித்தால், வாங்கிய ஆற்றலை ஒளியாக விடாமல் தங்களுக்குள் கைமாற்றி வெப்பமாக்கிவிடும். வெளிச்சம் குறையத்தான் செய்யும். நாலைந்து அளவில் கலந்து, காயவைத்து, ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

மேலே ஒட்டும் லேமினேஷனையும் சோதியுங்கள். சில வகை புறஊதாவைத் தடுத்துவிடும்.

அப்புறம் வெயில். கிழக்குக் கடற்கரைச் சாலையோரக் கடையில் தொங்கும் பை பகலெல்லாம் காயும். கரிமச் சாயங்கள் பல அதில் வெளிறிவிடும். கனிமத் தூள்கள் தாங்கும். ஆனால் விளக்கோடு பொருந்துகிறதா என்று கேட்டு வாங்குங்கள். டியூப்லைட்டில் சிவப்புக்குச் சேர்க்கும் யூரோப்பியம் தூள் 254 நானோமீட்டர் அலைநீளப் புறஊதாவில் நன்றாக ஒளிரும், 365 விளக்கில் அவ்வளவாக எழும்பாது. விலை மலிவான 395 டார்ச்சிலோ அதன் ஊதா வெளிச்சமே கண்ணை மறைக்கும். தூள் நைசாக இல்லாவிட்டால் இங்க்ஜெட் அடைத்துக்கொள்ளும். ஸ்கிரீன் பிரிண்டிங்தான் தோது.

இத்தனையும் சரியாக வந்தாலும், பழைய பையில் வேறு சரக்கை நிரப்பி விற்கலாம். அதனால் இப்போது பையின் வாயில், பிரித்தால் கிழிந்துவிடும் ஸ்டிக்கரில்தான் குறி போடுகிறோம். ஒரு ஸ்டிக்கரை மாமா இருட்டுப் பெட்டியில் வைத்திருக்கிறார். மாதம் ஒருமுறை, கடையில் வெயில் பட்ட பையை வாங்கிவந்து அதோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்.