ஒரே மரம், ஒரு நோட்டு, ஒரு வருஷம்

பருவத்துக்குப் பருவம் காட்டுச் செடிகளும் உயிர்களும் எப்படி இனம் பெருக்குகின்றன என்று பார்க்க ஆசையா? காடுகாடாக அலைய வேண்டாம். தினமும் கடந்துபோகிற ஒரு மரத்தைத் தேர்ந்தெடுங்கள். வாரம் இரண்டு முறை அதே கிளையைப் பாருங்கள். முதல் மொட்டு, முதல் பூ, முதல் காய், விதை உதிரும் நாள் எல்லாவற்றையும் தேதியோடு எழுதுங்கள். "இன்னும் பூக்கவில்லை" என்பதையும் கட்டாயம் எழுதுங்கள். அது இருந்தால்தான் பூத்த நாள் எது என்று பிறகு சரியாகப் பிடிபடும். இங்கிலாந்தில் ராபர்ட் மார்ஷம் என்ற இயற்கை ஆர்வலர் 1736-ல் இப்படித்தான் குறிக்கத் தொடங்கினார். அவர் வழிவந்தவர்கள் 1958 வரை தொடர்ந்தார்கள்!

பறவை என்றால் அலகைப் பாருங்கள். நாரோ குச்சியோ இருந்தால் கூடு கட்டுகிறது. புழுவை விழுங்காமல் கவ்வியபடியே ஒரே திசையில் பறந்தால், பெரும்பாலும் குஞ்சு பொரித்தாயிற்று. திரும்பும்போது சின்ன வெள்ளைப் பை ஒன்றைத் தூக்கி வருகிறதா? அது குஞ்சின் எச்சம். கூட்டைச் சுத்தமாக வைக்க வெளியே கொண்டுபோய்ப் போடுகிறது. முதன்முறை பார்த்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

குளத்தோரம் தவளை முட்டை பொதுவாகக் கொழகொழவென்று கொத்தாக இருக்கும். தேரை முட்டை கறுப்பு மணி கோத்த சரம்போல நீளும். கையில் எடுக்காதீர்கள்.

கூட்டுக்குப் பக்கத்தில் போகவே வேண்டாம். தாய் எழுந்து பறந்தால் முட்டை குளிர்ந்துவிடும். பைனாகுலர் போதும். பறவை உங்களைப் பார்த்துக் கத்தத் தொடங்கினால் உடனே பின்வாங்குங்கள்.