கலப்பினப் பாம்பு வளர்ப்பு: எங்கே தவறுகிறோம்?

நல்லபாம்பும் சாரையும் பிணையும் என்று நம் ஊர்ப்பக்கம் சொல்லாத ஆள் கிடையாது. வயலோரம் இரண்டு பாம்புகள் முறுக்கிக்கொண்டு தலை தூக்கி ஆடுவதைப் பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லிப் பரவிய நம்பிக்கை அது. உண்மையில் அது பிணையலே இல்லை. இரண்டு ஆண் சாரைகள் பலம் பார்த்துக்கொள்கின்றன. நல்லபாம்பும் சாரையும் வேறு வேறு குடும்பம், அவற்றுக்குள் குட்டி பிறக்காது.

நெருங்கிய சொந்தமுள்ள இனங்கள் என்றால் கதை வேறு. நான் இருக்கும் டெக்சாஸில் வீட்டில் பாம்பு வளர்ப்பவர்கள் நிறைய. அவர்களில் சிலர் கார்ன் ஸ்நேக், கலிஃபோர்னியா கிங் ஸ்நேக் என்ற இரண்டு விஷமில்லாத அமெரிக்கப் பாம்புகளை இணைசேர்த்து ‘ஜங்கிள் கார்ன்’ எடுக்கிறார்கள். கார்ன் ஸ்நேக்கோடு கிரேட் ப்ளெய்ன்ஸ் ரேட் ஸ்நேக்கைச் சேர்த்தால் ரூட்பியர், அதுவே கருநிறமி இல்லாத ஆல்பினோவாக வந்தால் க்ரீம்சிகிள். பர்மிய மலைப்பாம்பும் ரெட்டிகுலேட்டட் மலைப்பாம்பும் சேர்ந்தது ‘பேட்ஈட்டர்’. நான் பத்து வருடமாக கார்ன் ஸ்நேக் வளர்க்கிறேன், கலப்பினமும் எடுத்திருக்கிறேன். புதிதாக இறங்குபவர்கள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடங்கள் சில உண்டு.

கலப்பினம் என்றால் கோவேறு கழுதை மாதிரி மலடாகத்தான் இருக்கும், அதனால் பின்னால் தொல்லை வராது என்று பலர் நினைக்கிறார்கள். ஜங்கிள் கார்ன் மலடு அல்ல. அதைத் திரும்பவும் கார்ன் ஸ்நேக்கோடு சேர்க்கலாம், அந்தக் குட்டிகளை மறுபடியும் சேர்க்கலாம். முதல் தலைமுறையில் பாதி கிங் ரத்தம், அடுத்ததில் கால், அதற்கடுத்ததில் அரைக்கால். அந்த மூன்றாவது தலைமுறைக் குட்டியைக் கையில் வைத்துக்கொண்டு இது கலப்பு என்று கண்ணால் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. தாய் தந்தை எந்த இனம் என்று எழுதிய சீட்டு தொலைந்தால், அல்லது விற்பவர் சொல்லாமல் விட்டால், அது சுத்தமான கார்ன் ஸ்நேக்காக அடுத்த வீட்டுக்குப் போகும். அங்கே முட்டையிடும்.

எனக்கே இது நடந்தது. ஒரு கண்காட்சியில் ‘கார்ன்’ என்று எழுதிய டப்பாவில் இருந்த ஆண் குட்டியை வாங்கினேன். கார்ன் ஸ்நேக்குக்கு இருக்கும் சேணம் போன்ற திட்டுகள் அதற்குச் சரியாக இல்லை, முதுகில் கோடு கோடாக ஓடின. வீட்டுக்கு வந்து விளக்கின் கீழ் மெதுவாகப் புரட்டி, வயிற்றுச் செதில்கள் முடியும் இடத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். கழிவுத் துவாரத்தை மூடும் கடைசிச் செதில் கார்ன் ஸ்நேக்குக்கு இரண்டாகப் பிளந்திருக்கும். கிங் ஸ்நேக்குக்கு ஒற்றையாக இருக்கும். இதற்கு ஒற்றை. விற்றவரைக் கேட்டபோது, “பாட்டி கிங்காக இருக்கலாம்” என்றார். இருக்கலாமாம்! அந்தச் செதிலும் முழுச் சாட்சி ஆகாது. பிளந்த செதிலோடு பிறக்கும் கலப்பினங்களும் உண்டு. எனக்கு அதிர்ஷ்டம், அவ்வளவுதான்.

அடுத்த தவறு ஆபத்தானது. கிங் ஸ்நேக் மற்ற பாம்புகளைத் தின்னும். ராட்டில் ஸ்நேக்கையே விழுங்கும், அதன் விஷத்தையும் பெருமளவு தாங்கும். அதன் பெட்டியில் பெண் கார்ன் ஸ்நேக்கை விட்டுவிட்டுத் தூங்கப் போனவர்கள், காலையில் ஒரு பாம்பைத்தான் பார்த்திருக்கிறார்கள். இணைசேர்க்க நினைத்தால் கிங் ஸ்நேக்குக்குச் சில நாள் முன்பே வயிறு நிறைய இரை கொடுத்துவிட வேண்டும், கொடுத்த மறுநாளே சேர்க்கவும் கூடாது. பெண் சட்டை உரித்த பிறகு சேர்ப்பது நல்லது. அப்போதுதான் அதன் தோலில் வாடை தெளிவாக இருக்கும். அந்த வாடையை வைத்துத்தான் ஆண் பெண்ணை அறிகிறது.

சேர்த்த பிறகு நீங்கள் பெட்டியை விட்டு நகரக் கூடாது. கிங் ஆண் பிணையும்போது பெண்ணின் கழுத்தைக் கவ்வும், அது வழக்கம்தான். கவ்விக்கொண்டு உடலைப் பெண்ணின் மேல் நீளவாக்கில் படரவிட்டால் சரி. கவ்வியபடி சுருள் சுருளாகச் சுற்றி இறுக்க ஆரம்பித்தால் அது பசி. அந்த நொடியே குளிர்ந்த நீரைக் குழாயில் திறந்து தலைப்பக்கம் காட்டிப் பிரிக்க வேண்டும். பிடித்து இழுத்தால் பல் கிழித்துவிடும்.

நிறக் கணக்கில் தப்பு செய்பவர்களும் அதிகம். ஒரே மாதிரி தெரியும் நிறம் ஒரே மரபணுவால் வந்தது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கார்ன் ஸ்நேக்குக்குள்ளேயே இதற்கு உதாரணம் இருக்கிறது: அனெரியும் சார்கோலும் இரண்டுமே சிவப்பில்லாத சாம்பல் பாம்புகள். இரண்டையும் சேர்த்தால் குட்டிகள் சாதாரண ஆரஞ்சு நிறத்தில் வரும், ஏனென்றால் மரபணு வேறு. ஒரே இனத்துக்குள் இப்படி என்றால் இரண்டு இனத்துக்கு நடுவில் எதையும் ஊகிக்க முடியாது. இன்னொன்று, ஆல்பினோ கார்னைச் சாதாரண ரேட் ஸ்நேக்கோடு சேர்த்துவிட்டு க்ரீம்சிகிள் வரவில்லையே என்று வருந்துபவர்கள். முதல் தலைமுறையில் வராது. அந்தக் குட்டிகளை வளர்த்துத் தமக்குள் சேர்த்தால்தான் நாலில் ஒன்று கிடைக்கும், அதற்கு மூன்று வருடமாவது பொறுக்க வேண்டும்.

தந்தை யார் என்பதிலும் குழப்பம் வரும். பெண் பாம்பு விந்தை உடம்புக்குள் மாதக்கணக்கில், சில சமயம் அடுத்த பருவம் வரைகூட, வைத்திருந்து பயன்படுத்தும். போன வருடம் கார்ன் ஆணோடு சேர்த்த பெண்ணை இந்த வருடம் கிங் ஆணோடு சேர்த்துவிட்டு, எல்லாக் குட்டியும் ஜங்கிள் கார்ன் என்று எழுதிவிடக் கூடாது. இதுவரை எந்த ஆணோடும் சேராத பெண்தான் பாதுகாப்பு. வயதும் முக்கியம்: மூன்று வயது, மூன்றடி நீளம், 300 கிராம். இதற்குக் குறைந்த பெண்ணை முட்டை போட வைத்தால், முட்டை உள்ளேயே சிக்கி அது செத்துப்போகலாம்.

அடை வைப்பது எல்லாக் கார்ன் முட்டைக்கும் போலத்தான். ஈரமான வெர்மிகுலைட் (ஈரம் தாங்கும் கனிமத் துகள்), 28 டிகிரி செல்சியஸ் சுமார், ஏறக்குறைய 60 நாள். கோழி முட்டை போல உருட்டிவிடக் கூடாது, கரு செத்துவிடும். மேல்பக்கத்தைப் பென்சிலால் குறித்து வையுங்கள். ஓட்டைக் கீறிவிட்டுத் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு ஒரு நாள் முழுக்க உள்ளேயே கிடக்கும் குட்டியை வெளியே இழுக்காதீர்கள். மீதி மஞ்சள் கருவை அது உறிஞ்சிக்கொண்டிருக்கிறது.

வெளியே வந்ததும் ஒவ்வொன்றுக்கும் தனி டப்பா. கிங் ரத்தம் உள்ள குட்டிகள் கூடப் பிறந்ததையும் விழுங்கப் பார்க்கும். ஒரு ஈட்டில் பதினைந்து குட்டி வந்தால் பதினைந்து டப்பா, பதினைந்து வாய். எலிக்குஞ்சைத் தொடாமல் பல்லி வாடைக்குக் காத்திருக்கும் குட்டி ஒன்றிரண்டு கட்டாயம் இருக்கும். எடுத்துக்கொள்ள ஆள் இல்லாமல் முட்டையை அடை வைக்காதீர்கள்.

மலைப்பாம்புக் கலப்பு பக்கம் போகிறவர்களுக்குச் சட்டமும் இருக்கிறது. பர்மிய மலைப்பாம்பை 2012-லும் ரெட்டிகுலேட்டட் மலைப்பாம்பை 2015-லும் அமெரிக்க அரசு தீங்கான இனப் பட்டியலில் சேர்த்தது. கலப்பினமும் அதில் அடங்கும். ஃபுளோரிடா எவர்கிளேட்ஸில் காடேறிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளை ஆராய்ந்து 2018-ல் வெளியான மரபணு ஆய்வில், சுமார் 400 பாம்புகளில் 13-இல் நம் இந்திய மலைப்பாம்பின் தடயம் இருந்தது. அந்தக் கலப்பு எந்தத் தலைமுறையில், யார் கையில் நடந்தது என்று சொல்ல இன்று ஒரு சீட்டும் இல்லை. இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு ஒன்று: நம் மலைப்பாம்பையோ சாரையையோ பிடித்து வீட்டில் வளர்ப்பதே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

என் டப்பாக்களில் இப்போது இரண்டு சீட்டு இருக்கும். ஒன்று மூடியில், ஒன்று உள்ளே அடியில் நெகிழியில் ஒட்டியது. தாய், தந்தை, தாத்தா பாட்டி நால்வர், எந்தெந்த இனம், பொரித்த தேதி. பாம்பு கைமாறும்போது உள்சீட்டு அதோடே போகும். அந்தக் கண்காட்சிக் குட்டி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அதன் சீட்டில் ‘பாட்டி: கிங் ஸ்நேக்காக இருக்கலாம்’ என்றுதான் எழுதியிருக்கிறேன். அதை எந்தப் பெண்ணோடும் சேர்க்கவில்லை.