ஏர்பேக் விளக்கு அணையவில்லையா? மாட்யூலைக் கழற்றுவதற்கு முன்

இக்னிஷனை ஆன் செய்ததும் மீட்டரில் ஏர்பேக் விளக்கு எரியும். பெரும்பாலான கார்களில் ஆறு விநாடி போல எரிந்துவிட்டு அணைந்துவிடும். அணையாமல் நின்றால் எங்கோ பழுது. மோதினால் ஏர்பேக் விரியுமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. விளக்கு எரியவே இல்லை என்றால் அது இன்னும் மோசம். பழுதை மறைக்க யாரோ விளக்கையே பிடுங்கியிருக்கலாம். பழைய வண்டி வாங்கும்போது முதலில் பாருங்கள்.

ஏர்பேக்கை எப்போது விரிப்பது என்று முடிவு செய்யும் கட்டுப்பாட்டு மாட்யூல் பெரும்பாலும் நடு கன்சோலுக்கு அடியில் இருக்கும். விளக்கு எரிந்தாலே அதைத்தான் குறை சொல்வார்கள். ஆனால் வயர், கனெக்டர், கிளாக் ஸ்பிரிங் (திரும்பும் ஸ்டீயரிங்குக்கு மின்சாரம் கொண்டுபோகும் சுருள் நாடா), பேட்டரி இவற்றையெல்லாம் பார்த்த பிறகுதான் மாட்யூலின் முறை வர வேண்டும்.

பழுதைக் குறிக்கும் எண்களைத்தான் கோடு (code) என்பார்கள். மலிவான புளூடூத் ஸ்கேனர்கள் பல இன்ஜின் கோடுகளோடு நின்றுவிடும். எஸ்ஆர்எஸ் (SRS) எனப்படும் ஏர்பேக் பகுதியைப் படிக்கும் ஸ்கேனர் வேண்டும். கோடுகளை எழுதிவைத்துக்கொண்டு அழியுங்கள். திரும்ப வராதது பழைய பதிவு. உடனே வருவது இப்போது இருக்கும் பழுது. மின்னழுத்தம் குறைவு என்று கோடு வந்தால் பேட்டரியை முழுதாக சார்ஜ் செய்து பார்க்காமல் எதையும் கழற்றாதீர்கள்.

கழற்றுவதாக இருந்தால் இக்னிஷனை ஆஃப் செய்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையை எடுத்துவிட்டுக் காத்திருங்கள். மாட்யூலுக்குள் இருக்கும் கெப்பாசிட்டர், பேட்டரி இல்லாமலேயே ஏர்பேக்கை வெடிக்கவைக்கும் அளவு மின்சாரத்தைச் சேர்த்துவைத்திருக்கும். அது வடிய எவ்வளவு நேரம் என்பது வண்டிக்கு வண்டி மாறும். சர்வீஸ் மேனுவல் கையில் இல்லையென்றால் பத்து நிமிடம் விடுங்கள். கழற்றிய ஏர்பேக்கை மூடிப் பக்கம் மேலே இருக்கும்படி வையுங்கள். கவிழ்த்து வைத்தது வெடித்தால் மொத்தமாக மேலே பாயும்.

ஏர்பேக்கின் முனைகளில் மல்டிமீட்டரை வைக்கவே கூடாது. மீட்டர் அனுப்பும் சிறு மின்னோட்டமும் அதைத் தூண்டிவிடலாம். அதற்குப் பதில் ஏர்பேக்கைக் கழற்றிவிட்டு, வயர் பக்கக் கனெக்டரில் 2 ஓம் அளவுள்ள ரெசிஸ்டர் ஒன்றைச் செருகுங்கள். வண்டிக்குள் யாரும் இல்லாதபோது பேட்டரியை இணைத்து ஸ்கேன் செய்யுங்கள். கோடு போய்விட்டால் பழுது ஏர்பேக்கிலோ அதன் கனெக்டர் தொடுப்பிலோ இருக்கிறது. போகவில்லையா, பேட்டரியைக் கழற்றிக் காத்திருக்கும் அதே சடங்கை முடித்து, ரெசிஸ்டரைக் கிளாக் ஸ்பிரிங்குக்குக் கீழே உள்ள கனெக்டருக்கு மாற்றுங்கள். இப்போது போனால் கிளாக் ஸ்பிரிங்தான். அங்கும் நின்றால் வயர் அல்லது மாட்யூல்.

இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஏர்பேக் வயர்களின் மஞ்சள் கனெக்டர்கள் பலவற்றில், பிளக்கை உருவியதும் இரண்டு முனைகளையும் தானாக இணைத்துவிடும் ஒரு சிறு உலோகப் பட்டை இருக்கும். தவறிக்கூட வெடிக்காமல் இருக்க அந்த ஏற்பாடு. அது தெரியாமல் வயரை அளந்தால் ஷார்ட் என்று காட்டும். நல்ல வயரை அறுத்துத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

ஹார்ன், ஸ்டீயரிங் பட்டன்களும் சேர்ந்து செத்திருந்தால் கிளாக் ஸ்பிரிங் நாடா அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். மாற்றும்போது சக்கரங்கள் நேராக இருக்கட்டும். புதியதன் பூட்டு முள்ளைப் பொருத்திய பின்பே எடுங்கள். நடுப்புள்ளி தவறினால் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடிக்கும்போது புதிய நாடாவும் அறுந்துவிடும்.

சீட்டைத் தள்ளும்போது விளக்கு வந்து போனால் சீட்டுக்கு அடியிலுள்ள கனெக்டரைப் பாருங்கள். அந்தச் சுற்றின் மொத்தத் தடையே சுமார் 2 ஓம்தான். முனையில் படிந்த கொஞ்சம் களிம்பு அதைக் கூட்டினாலும் மாட்யூல் கோடு போட்டுவிடும். கான்டாக்ட் கிளீனரால் சுத்தம் செய்து, பூட்டு ‘கிளிக்’ என்று விழும்வரை அழுத்துங்கள். வயரை முறுக்கி டேப் சுற்றும் வேலை இங்கே ஆகாது.

மாட்யூல்மேல் சந்தேகம் வருவது மூன்று சந்தர்ப்பங்களில். ஃபியூஸும் எர்த்தும் சரியாக இருந்தும் உட்பழுது என்ற கோடு அழித்த உடனே திரும்புவது ஒன்று. தண்ணீர் புகுந்தது இன்னொன்று: 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் சென்னையில் மூழ்கிய கார்களைப்போல தரைக் கம்பளம்வரை நீர் ஏறியிருந்தால், பின்களில் பச்சை பூத்திருக்கிறதா பாருங்கள். பூத்திருந்தால் காயவைத்துப் பயனில்லை, மாற்றுங்கள். மூன்றாவது, விபத்தில் ஏர்பேக் விரிந்தபின் மோதல் பதிவு உள்ளே பூட்டிக்கொள்வது. மெமரியைத் திருத்தி அதை அழித்துத் தரும் கடைகள் உண்டு. அந்த வேலை பதிவை அழிக்கும். அடிபட்ட சென்சார் சரியாக அளக்கிறதா என்று சோதிக்காது. புது மாட்யூலே நல்லது. ரெசிஸ்டரை நிரந்தரமாகச் செருகி விளக்கை அணைப்பதோ, ஏர்பேக் இல்லாத வண்டியை இருப்பதுபோல் காட்டும் மோசடி.

புதிய மாட்யூலில் பார்ட் நம்பர் ஒத்திருக்க வேண்டும். பல வண்டிகளில் கோடிங்கும், அதாவது அந்த வண்டிக்கேற்ப மாட்யூலைக் கணினி வழியாக அமைப்பதும், தேவை. மேலே உள்ள அம்பு வண்டியின் முன்பக்கம் பார்க்க வேண்டும். திருப்பி வைத்தால் உள்ளிருக்கும் சென்சார் மோதலின் திசையையே தப்பாகப் படிக்கும். போல்ட்களை மேனுவல் சொல்லும் இறுக்கத்துக்கு முறுக்கிய பிறகே பேட்டரியை இணையுங்கள். இறுக்காத மாட்யூலுக்கு மின்சாரம் கொடுத்து அது எங்காவது இடித்தால், அதையே மோதல் என்று எடுத்துக்கொள்ளலாம்.

கோடுகளை அழித்தபின் ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, சீட்டை முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். விளக்கு வராவிட்டால் மேடுபள்ளமான சாலையில் ஓட்டிவிட்டு மறுபடி ஒரு முறை ஸ்கேன் செய்யுங்கள்.