அனுபவசாலிகளுக்கு ரியாக்ட் சொல்லித்தரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜாவாவிலோ ஜேகுவெரியிலோ ஆங்குலரிலோ பல வருடம் ஊறியவர்களுக்கு ரியாக்ட் (இணையப் பக்கங்களின் திரையைக் கட்டும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி) சொல்லித்தர வரும் புதுப் பயிற்சியாளர்கள், சொல்லிவைத்தாற்போல அதே சில இடங்களில் சறுக்குகிறார்கள். ஸ்லைடில் எழுத்து சின்னது, பேச்சு வேகம் என்பதெல்லாம் நாலு வகுப்பில் தானே சரியாகிவிடும். அவற்றை இங்கே விட்டுவிடலாம்.

இன்ஸ்டாலேஷனை வகுப்பில் வைத்துக்கொள்வது

ஆளுக்கொரு நோட்.ஜேஎஸ் (ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் மென்பொருள்) பதிப்பு இருக்கும், நிறுவனத்தின் புராக்ஸி பேக்கேஜை இறக்க விடாது, காலை அதிலேயே போய்விடும். முந்தைய நாளே ரெப்போவை (கோடு இருக்கும் தொகுப்பு) லாக் கோப்புடன் (எந்தப் பேக்கேஜ், எந்தப் பதிப்பு என்று பூட்டிவைப்பது) கொடுத்து ‘என்பிஎம் சிஐ’ என்ற நிறுவும் கட்டளையை ஓட்டச் சொல்லுங்கள். ‘என்பிஎம் இன்ஸ்டால்’ லாக் கோப்பை மாற்றிவிடக்கூடும். சிஐ மாற்றாது, லாக் கோப்பு பேக்கேஜ் கோப்போடு பொருந்தவில்லை என்றால் பிழை காட்டி நின்றுவிடும்.

ஃபார் லூப்பிலிருந்து ஆரம்பிப்பது

வேண்டாம். எழுந்து போய்விடுவார்கள்.

‘பழையதில் அது, புதியதில் இது’ என்ற அட்டவணை

எரிச்சலூட்டுவது இதுதான். ‘பழைய ரியாக்டில் காம்பொனென்ட் (திரையின் ஒரு பகுதி) வந்ததும் ஓடும் காம்பொனென்ட்-டிட்-மவுன்ட் தெரியும் அல்லவா? அதற்குப் பதில் யூஸ்எஃபெக்ட், கூடவே ஒரு காலி அரே, ஒருமுறைதான் ஓடும். அவ்வளவுதான்.’ வகுப்பே தலையாட்டும். பயிற்சியாளருக்கும் திருப்தி. வினை விதைக்கப்படுவது அந்த நிமிடத்தில்தான்.

யூஸ்எஃபெக்ட் என்பது காம்பொனென்டின் வாழ்நாளில் ஒரு கட்டம் இல்லை. சர்வர், டைமர், பிரவுசர் ஏபிஐ என்று ரியாக்டுக்கு வெளியே இருக்கும் ஒன்றோடு ஒத்துப்போக வைக்கிற வழி. அட்டவணையை நம்பியவர் அதை ‘ஏதாவது மாறினால் ஓடுவது’ என்று எடுத்துக்கொள்வார். பொருள்களின் பட்டியல் ஒரு ஸ்டேட் (ரியாக்ட் நினைவில் வைக்கும் மதிப்பு), மொத்தத் தொகை இன்னொரு ஸ்டேட், பட்டியல் மாறினால் யூஸ்எஃபெக்டில் மொத்தத்தை செட் செய் என்று எழுதுவார். ஒரு பொருள் சேர்த்ததும் புதுப் பட்டியலும் பழைய மொத்தமுமாக ஒரு ரெண்டர் (திரையில் என்ன வர வேண்டும் என்று கணக்கிடுவது) நடக்கும். எஃபெக்ட் ஓடியபின் இன்னொன்று. நடுவில் தப்பான தொகை திரையில் மின்னி மறையக்கூடும். டிபென்டன்சி அரேயில் (எவை மாறினால் எஃபெக்ட் ஓட வேண்டும் என்ற பட்டியல்) ஒன்றை விட்டால் அந்தத் தப்பு அங்கேயே தங்கிவிடும். தேவைப்பட்டதோ ஒரே வரி: ரெண்டரின்போதே பட்டியலைக் கூட்டி ஒரு கான்ஸ்ட்டில் வைப்பது.

அடுத்த கட்டம் இன்னும் மோசம். ரியாக்ட் 18 முதல், டெவலப்மென்டில் ஸ்ட்ரிக்ட் மோட் (தவறுகளைக் காட்டிக்கொடுக்கும் சோதனை அமைப்பு) ஒவ்வொரு எஃபெக்டையும் ஓட்டி, கிளீனப் (எஃபெக்ட் தொடங்கியதை நிறுத்தித் துடைப்பது) செய்து, மறுபடி ஓட்டும். கிளீனப் விடுபட்டிருந்தால் காட்டிக்கொடுக்கத்தான் இந்த ஏற்பாடு. ‘ஒருமுறைதான் ஓடும்’ என்று படித்தவர் பிரவுசரின் நெட்வொர்க் டேபில் சர்வருக்கு இரண்டு அழைப்பைப் பார்த்ததும் ரியாக்டில் பக் என்று முடிவுகட்டி, ஸ்ட்ரிக்ட் மோடையே கழற்றிவிடுவார். கூடவே கிளீனப் எழுதும் எண்ணமும் போய்விடும். பிறகு பயனர் ஒரு வாடிக்கையாளரைச் சொடுக்கி, உடனே அடுத்தவரைச் சொடுக்குகிறார். முதலாமவரின் பதில் தாமதமாக வந்து இரண்டாமவரின் விவரத்தின் மேல் உட்கார்ந்துகொள்கிறது. டெவலப்பரின் கணினியில் சர்வர் பக்கத்திலேயே இருப்பதால் இது தலைகாட்டாது. புரொடக்‌ஷனில் எப்போதாவது வரும், தேடினால் சிக்காது. எஃபெக்டுக்குள் ‘இக்னோர்’ என்று ஒரு மாறி, கிளீனப்பில் அதை ட்ரூ ஆக்குவது, பதில் வந்ததும் அது ட்ரூ இல்லை என்றால் மட்டும் செட் செய்வது: மூன்று வரி வேலை.

அட்டவணைக்குப் பதிலாக, ஓட்டுவதற்கு முன் விடை சொல்லச் சொல்லுங்கள். கவுண்ட் என்ற ஸ்டேட் பூஜ்யம். ஒரே கிளிக்கில் ‘செட்கவுண்ட்(கவுண்ட் + 1)’ மூன்று முறை. எவ்வளவு வரும்? அனுபவசாலிகள் பெரும்பாலும் மூன்று என்பார்கள். வருவது ஒன்று. அந்த ரெண்டருக்குள் கவுண்ட் மாறாத மதிப்பு. மூன்று வரியும் ‘ஒன்று ஆக்கு’ என்றுதான் சொல்கின்றன. ‘முந்தைய மதிப்போடு ஒன்று கூட்டு’ என்று ஃபங்ஷனாகக் கொடுத்தால் மூன்று வரும். பந்தயம் கட்டித் தோற்ற விடை மறக்காது. எஃபெக்டை இதற்குப் பிறகு எடுங்கள், முதல் நாளில் வேண்டாம்.

அரேயில் புஷ் செய்து அதையே செட் செய்வது

திரை மாறாது. அதே ரெஃபரன்ஸ் (புது அரே இல்லை, பழைய அதே அரே) என்றால் ரியாக்ட் ரெண்டரைத் தவிர்த்துவிடும். வாயால் சொல்வதைவிட, உடைந்த கோடைக் கொடுத்து அவர்களையே கண்டுபிடிக்க விடுங்கள்.

டுடூ ஆப்

பார்த்துப் பார்த்துச் சலித்தாயிற்று. வேண்டாம்.

பயிற்சிக்கும் வேலைக்கும் இடைவெளி விடுவது

அதே வாரத்தில் நிஜமான சின்ன டிக்கெட் ஒன்று கைக்கு வர வேண்டும். முதல் சில புல் ரெக்வெஸ்ட்டுகளை (கோடு மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கைகள்) பயிற்சியாளரே பார்க்கட்டும். யூஸ்எஃபெக்ட் வரும் இடத்திலெல்லாம் ‘வெளியே எதோடு ஒத்துப்போக இது?’ என்று கமென்ட் போட்டு, பதில் வராவிட்டால் நீக்கச் சொல்லட்டும்.