ஊராட்சியிடம் தகவல் கேட்கும்போது எங்கே தவறுகிறோம்?

"எங்கள் தெருவுக்குத் தண்ணீர் ஏன் வருவதில்லை? இதற்கு யார் பொறுப்பு?" என்று எழுதி, மேலே 'தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005' என்று போட்டுவிட்டால் அது தகவல் மனு ஆகிவிடாது. அது புகார் மனு. கீழக்கரை நகராட்சியானாலும் தொண்டி பேரூராட்சியானாலும், தன்னிடம் பதிவாக இருப்பதைத்தான் தரவேண்டும். விளக்கம் சொல்லும் கட்டாயம் இல்லை. 'கோரியது தகவல் அல்ல' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். எவ்வளவோ பேரின் உழைப்பு இந்த இடத்தில்தான் வீணாகிறது.

ஆகவே கேள்வி கேட்காதீர்கள், ஆவணம் கேளுங்கள். பெரியபட்டினத்தில் உங்கள் தெருவுக்குப் பேவர் பிளாக் போட்டார்கள், அதற்குள் கல் பெயர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்த வேலைக்கான தீர்மானம், எஸ்டிமேட், வேலை உத்தரவு, எம்-புக் என்கிற அளவுப் புத்தகத்தின் பக்கங்கள், பணம் கொடுத்த பில் ஆகியவற்றின் நகல் வேண்டும் என்று எழுதுங்கள். தெருப் பெயரும் நிதியாண்டும் அவசியம். எம்-புக்கில் நீளம், அகலம், கனம் எல்லாம் இருக்கும். நகல் வந்ததும் டேப்பை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கி அளந்து பாருங்கள். 'ஏன்' என்று கேட்டுக் கிடைக்காத பதில் அங்கே கிடைக்கும்.

'பத்து வருடக் கணக்கு முழுவதும்' என்று கேட்பதும் வேண்டாம். நிறையப் பார்க்க வேண்டியிருந்தால், கோப்பை நேரில் பார்வையிட அனுமதி கேளுங்கள். அதுவும் உங்கள் உரிமைதான்.

மீனவர் சங்கம், ஜமாத் லெட்டர்பேடில் அனுப்பாதீர்கள். சட்டம் உரிமை தருவது குடிமகனுக்கு. தனி ஆளின் பெயரில் கையெழுத்திடுங்கள். எதற்காகக் கேட்கிறோம் என்று சொல்லத் தேவையே இல்லை. 10 ரூபாய்க்கு ஒட்ட வேண்டியது கோர்ட் ஃபீ ஸ்டாம்ப். ரெவின்யூ ஸ்டாம்ப் செல்லாது. வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கட்டணம் இல்லை, சான்று இணைத்தால் போதும்.

அப்புறம், யாரிடம் கேட்பது? மீன் இறங்குதளம் என்றால் மீன்வளத் துறை, கிழக்குக் கடற்கரைச் சாலை என்றால் நெடுஞ்சாலைத் துறை. முகவரி மாறிப்போனாலும் பயம் வேண்டாம்: 6(3) பிரிவுப்படி 5 நாட்களுக்குள் உரிய அலுவலகத்துக்கு அவர்களே மாற்றிவிட வேண்டும். 'எங்களுக்குச் சம்பந்தமில்லை' என்று திருப்பி அனுப்பக் கூடாது.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, பதில் தருவதற்கான 30 நாள் கெடு போனதும் மனம் விட்டுவிடுவது. அல்லது அதே மனுவை மறுபடி எழுதுவது. அடுத்த 30 நாட்களுக்குள் மேலதிகாரிக்கு முதல் மேல்முறையீடு போடுங்கள். அதிலும் கிடைக்காவிட்டால் 90 நாட்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். நேரில் கொடுத்தால் நகலில் சீல், தபால் என்றால் ரசீது. இவை இல்லாமல் தேதியை நிரூபிக்க முடியாது. கெடு தாண்டிவிட்டால் நகல்களை இலவசமாகத் தரவேண்டும் என்கிறது 7(6) பிரிவு. மேல்முறையீட்டில் அதையும் மறக்காமல் எழுதுங்கள்.